முறுக்கிக்கொண்ட தகடு

அத்தியாயம் 6

நின்றுகொண்டே யோசிப்பது அண்ணியின் பழக்கம். உட்கார்ந்துகொண்டு யோசிக்காமல் இருப்பது கொழுந்தனின் பழக்கம். அந்தப் பட்டறைக்குள் நுழைந்ததும் அவன் முதலில் தேடியது துப்பை அல்ல, நாற்காலியை. அப்படி ஒன்று அங்கே இல்லை. சுவரோரமாக, ஆள் நீளத்துக்கு, இடுப்பு உயரத்தில் ஒரு பழைய இரும்புத் தண்ணீர்த் தொட்டி கிடந்தது. தகட்டு மூடி போட்டு வெல்டிங் வைத்து மூடியிருந்தார்கள். அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

பட்டறைக்குச் சொந்தக்காரர் தொழிலில் பல் டாக்டர். வெல்டிங் அவருக்குப் பொழுதுபோக்கு. வாரம் பூராவும் பல்லை ராவியவர் வார இறுதியில் இரும்பை ராவிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இந்தப் பட்டறைக்கு வந்தவர் அப்புறம் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஞாயிறு காலையில் அவருடைய ஸ்கூட்டர் பஸ் நிலையத்து வாசலில் அநாதையாக நின்றது.

போலீஸ் அதற்கு மேல் தேடவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. அண்ணனும் தம்பியுமாக இரண்டு டாக்டர்கள் சேர்ந்து நடத்தும் பல் ஆஸ்பத்திரி அது. போன மாதம் அங்கே ஊசி போட்டுக்கொண்ட ஒரு நோயாளி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஊசி போட்டது அண்ணனான இந்தப் பெரிய டாக்டர் என்று ஊரே பேசிக்கொண்டது. திங்கட்கிழமை விசாரணை. அதற்குப் பயந்து மனுஷர் கம்பி நீட்டிவிட்டார் என்று இன்ஸ்பெக்டர் கோப்பை மூடாத குறையாகச் சொல்லிவிட்டார். "அவர் ஓடிப்போறவர் இல்லை" என்று ஒரே வரி சொல்லி ஞாயிறு மத்தியானமே அண்ணியைக் கூட்டிவந்தவள் டாக்டரின் மனைவி.

அந்த மனைவியைக் கொழுந்தனுக்குப் பிடிக்கவில்லை. புருஷனைக் காணோம், அவள் கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. மரக்கட்டை மாதிரி நின்றாள். அழுதுகொண்டிருந்தவர் சின்ன டாக்டர்தான். மாடியில் குடியிருக்கும் தம்பி. கறுப்புக் கண்ணாடிக்கு அடியில் கைக்குட்டையை விட்டுத் துடைத்துத் துடைத்து மாளவில்லை அவருக்கு. அவ்வளவு புழுக்கத்திலும் சட்டையைக் கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டு, பட்டறைக் கதவருகிலேயே சாவியோடு நின்றார். போலீஸ் எதையும் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறதாம்.

"இந்தத் தொட்டி?" என்று அண்ணி கேட்டாள்.

அண்ணன் வெள்ளிக்கிழமையே அதை மூடிவிட்டதாகவும், மேலே பலகை போட்டு வேலை மேசையாக்கிக்கொள்ளப் போவதாகச் சொன்னதாகவும் சின்ன டாக்டர் சொன்னார். தனக்கு வெல்டிங்கைப் பற்றி ஒன்றும் தெரியாது, நெருப்பென்றாலே ஆகாது, வெல்டிங் ராடைக் கையால் தொட்டதுகூட இல்லை என்றார்.

அண்ணி குனிந்து வெல்டிங்கை ஒரு பார்வை பார்த்தாள். ஆணியில் தொங்கிய வெல்டிங் முகமூடியை எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்து மறுபடி மாட்டினாள். கொழுந்தனுக்கு வேலை இல்லாவிட்டால் கை சும்மா இராது. தொட்டி மூடியில் விரல் முட்டியால் 'டக் டக் டடக்' என்று தாளம் போட்டான். கொஞ்சம் பொறுத்து, உள்ளேயிருந்து மங்கலாக ஒரு 'டக்' வந்தது. காலித் தொட்டி, எதிரொலிக்கத்தானே செய்யும்.

"தட்டாதீங்க," என்றார் சின்ன டாக்டர். குரல் கத்தி மாதிரி வந்தது. பிறகு அவரே தணிந்து, "அண்ணன் ஆசையா வாங்கின பொருள். தாங்கலைங்க" என்று கைக்குட்டையை எடுத்தார்.

கொழுந்தன் பதறிப்போய்க் கீழே இறங்கினான். வெளியே வந்ததும், "தம்பின்னா இப்படி இருக்கணும் அண்ணி. என் அண்ணன் காணாமப் போனா நான் முதல்ல அவர் ஃபேனைத்தான் என் ரூமுக்கு மாத்துவேன்" என்றான்.

"அதை உங்க அண்ணன்கிட்டயே சொல்றேன்," என்றாள் அண்ணி. அவன் அண்ணன் அவளுக்குப் புருஷன் என்பது பேச்சுவாக்கில் அவனுக்கு அடிக்கடி மறந்துபோகும். தீ இன்ஷூரன்ஸ் ஆபீஸில் பொய்த் தீயையும் நிஜத் தீயையும் மோந்து பார்த்தே பிரித்துக்கொண்டிருந்தவள் அவள். வேலையை விட்டுவிட்டு வீட்டு முன்னறையில் துப்பறியும் போர்டு மாட்டியபோது, வாயாலேயே மூன்று வேலைகளை இழந்திருந்த கொழுந்தனையும் சேர்த்துக்கொண்டாள். "இன்னிக்கு சாயங்காலம் நீ வெல்டிங் கத்துக்கப்போறே" என்றாள் இப்போது.

பெரிய டாக்டர் ஞாயிறுதோறும் போன வெல்டிங் வகுப்பு, ஒரு பழைய கிடங்கில் நடந்தது. சொல்லித்தந்தவர் ஒரு பெண்மணி. சட்டைக் கையெல்லாம் பொறி விழுந்த ஓட்டை, பேச்சில் ஒரு துளி வளைவு கிடையாது. எல்லாரும் அவரை டீச்சர் என்றார்கள். படிக்க வந்தவர்களில் ஒரு பாட்டு வாத்தியார், ஒரு மருந்துக்கடைக்காரர் என்று பிழைப்புக்கு அது தேவைப்படாதவர்களே அதிகம். இரும்பை ஒட்டவைக்கும் ஆசை எப்படியோ அவர்களைத் தொற்றிக்கொண்டிருந்தது.

டீச்சர் அரை மணி பேசினார். ஈயத்தை உருக்கிப் பற்றவைப்பது ஒரு வகை. அதில் ஈயம்தான் உருகும், ஒட்டவேண்டிய உலோகம் உருகாது. பித்தளைப் பற்றும் அந்த ஜாதிதான், சூடு மட்டும் கூடுதல். ரிவெட் அடிப்பது இரண்டு தகட்டையும் தைப்பது மாதிரி. வெல்டிங் வேறு. இரண்டு தகட்டின் ஓரமும் உருகி, ஒன்றோடொன்று கலந்து, ஆறி, ஒரே இரும்பாகிவிட வேண்டும்.

"மேல பளபளன்னு உட்கார்ந்திருந்தா வெல்டிங் இல்லை," என்றார். "உள்ள பிடிக்கணும். பிடிக்கலைன்னா உளியை வெச்சு ஒரு போடு போட்டா உரிஞ்சு வந்துடும்."

கொழுந்தன் உற்சாகமாக, ராடைக் கவ்விப் பிடிக்கும் ஹோல்டரை வாங்கினான். முகமூடி போட்டால் உலகமே இருட்டு. ராடு எங்கே, தகடு எங்கே என்று ஒன்றும் தெரியவில்லை. டீச்சர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெறும் கண்ணோடு ராடை இழுத்தான். பளீரென்று நீல வெளிச்சம். அழகாக வந்த மாதிரிதான் இருந்தது. ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே மூச்சில் இழுத்து முடித்தான். அவன் நிமிர்வதற்குள் தகடு வெயிலில் போட்ட அட்டை மாதிரி தானாக வளைந்து, மறுபக்கம் விரல் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டது.

"முதல்ல அங்கங்க பொட்டுப் பொட்டா வெச்சுப் பிடிச்சுக்கணும். அப்புறம்தான் இழுக்கணும்," என்றார் டீச்சர். "இல்லைன்னா சூட்டுல தகடு முறுக்கிக்கும். கத்துக்கிற எல்லாரும் முதல்ல செய்யற தப்பு இது."

அந்த வகுப்புக்கு ஒரு வழக்கம் இருந்தது. கெட்டுப்போன முதல் தகட்டைத் தூக்கிப் போடமாட்டார்கள். ஒரு பக்கச் சுவர் முழுக்க அவற்றை மாட்டி, கீழே சாக்பீஸால் ஆள் யாரென்று எழுதி வைத்திருந்தார்கள். யாருக்காவது தலைக்கனம் ஏறினால் அந்தச் சுவரைக் காட்டுவது டீச்சரின் வழக்கம். கொழுந்தனின் தகடும் சுவர் ஏறியது. தனக்குப் பக்கத்தில் யார் என்று பார்த்தான். 'பெரிய டாக்டர்.' அதற்கு அடுத்தது, 'சின்ன டாக்டர்.'

டீச்சரிடம் கேட்டான். முதல் நாள் அண்ணனும் தம்பியும் சேர்ந்தே வந்தார்களாம். தம்பி ஒரே ஒரு தகடு இழுத்தார், அது முறுக்கிக்கொண்டதும் சிரித்துவிட்டுப் போனவர் அப்புறம் வரவில்லையாம். பெரியவர் அப்படி இல்லை. விட்டுப் போன வகுப்பே கிடையாது. "கண்ணாடி இல்லைன்னா அவருக்கு ஒண்ணும் தெரியாது. முகமூடிக்குள்ள தன் பவரைப் போட்டு லென்ஸ் பொருத்திக்கிட்டார். வேற யார் அதை மாட்டினாலும் தலை சுத்தும்." சின்ன டாக்டரின் தகட்டைக் கொழுந்தன் போனில் படம் எடுத்துக்கொண்டான். எடுத்தவனுக்கு, அவர் ராடைத் தொட்டதே இல்லை என்று சொன்னது ஞாபகத்துக்கு வரவில்லை. வெல்டிங் போதையில் இருந்தான்.

விடிந்தும் விடியாத நேரத்தில் அவன் அலறிய அலறலில் அண்ணனும் அண்ணியும் எழுந்து ஓடிவந்தார்கள். கண்ணைத் திறக்க முடியவில்லை. இரண்டு கண்ணிலும் யாரோ மணலை அள்ளிப் போட்டுத் தேய்த்த மாதிரி இருந்தது. தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டியது. சட்டையின் மேல் பட்டன் திறந்திருந்த இடத்தில் கழுத்துத் தோல் முக்கோணமாகச் சிவந்து எரிந்தது.

அண்ணன், "இவன் அழுது நான் பார்த்ததே இல்லை" என்று அதிசயமாகச் சொல்லிவிட்டு மறுபடி படுக்கப் போனார். அண்ணி ஈரத்துணியை மடித்து அவன் கண்மேல் வைத்தாள். முகமூடியைக் கழற்றினாயா என்று கேட்டாள். கழற்றினேன் என்றான். தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"வெல்டிங் வெளிச்சம் சூடு மாதிரி உடனே சுடாது. சாயங்காலம் பார்த்தா விடியக்காலைல பழிவாங்கும். ஒரு நாள் ரெண்டு நாள் இருந்துட்டுப் போயிடும், பயப்படாதே. ஆபீஸ்ல இந்த மாதிரி எத்தனை..."

பேச்சு பாதியில் நின்றது. அண்ணி பாதியில் நிறுத்தினால் ஏதோ விபரீதம் என்று அவனுக்குத் தெரியும். துணியை விலக்கி ஒரு கண்ணை மட்டும் கஷ்டப்பட்டுத் திறந்தான். அவள் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. கழுத்திலிருந்த சிவப்பு முக்கோணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, அந்தப் புழுக்கத்துல சின்ன டாக்டர் ஏன் கழுத்துவரைக்கும் பட்டன் போட்டிருந்தார்?"

கொழுந்தனுக்குச் சுருக்கென்றது. போனை எடுத்துப் படத்தைக் காட்டினான். சுவரில் தொங்கிய தகட்டில் வெல்டிங் ஓரத்தில் தொடங்கி, பொட்டு வைக்காமல் ஒரே இழுப்பாக வந்து, முடியும் இடத்தில் கொக்கி மாதிரி மேலே எகிறியிருந்தது. தொட்டி மூடியிலும் ஒவ்வொரு இழுப்பும் இப்படித்தான் கொக்கி போட்டு முடிந்தது என்றாள் அண்ணி. வகுப்பு தவறாமல் போகிற மனுஷர் முதல் நாள் தப்பை இன்னமும் செய்வாரா என்று நேற்றே அவளுக்கு உறுத்தியதாம். உறுத்தியதோடு விட்டுவிட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

டாக்டரின் மனைவிக்கு போன் போட்டாள். அவள் தூங்கியிருக்கவில்லை. ஞாயிறு காலையில் சின்ன டாக்டரைத் தேடி மாடிக்குப் போனபோது அவர் எப்படி இருந்தார் என்று மட்டும் கேட்டாள் அண்ணி. போனில் வந்த குரல் கொழுந்தனுக்கும் கேட்டது.

"கதவைத் திறக்கறப்பவே கண்ணெல்லாம் செவந்து தண்ணியா கொட்டிக்கிட்டிருந்தது. ராத்திரி தூக்கம் இல்லைன்னார்."

"அண்ணனைக் காணோம்னு அவருக்கு யார் சொன்னது?"

"நான்தான். அதுக்குத்தானே மாடிக்கே போனேன்."

அண்ணி போனை வைத்தாள். "சேதி தெரியறதுக்கு முன்னாடியே அழுதிருக்கார்" என்றாள்.

அது கண்ணீரே இல்லை. சனிக்கிழமை ராத்திரி அவர் எதையோ வெல்டிங் வைத்து மூடியிருக்கிறார். அண்ணனின் முகமூடியை மாட்டிப் பார்த்துத் தலை சுற்றி, கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெறும் கண்ணோடு மூடியிருக்கிறார். அந்தப் பட்டறையில் புதிதாக மூடிய பொருள் ஒன்றுதான் உண்டு.

கொழுந்தனுக்குத் தொட்டிமேல் உட்கார்ந்த உடம்பெல்லாம் கூசியது. அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது.

"அண்ணி, நான் நேத்து தாளம் போட்டேன். நாலு தட்டு. எதிரொலின்னா நாலும்தானே திரும்பி வரணும்?" என்றான். "ஒண்ணே ஒண்ணுதான் வந்துச்சு. அதுவும் மெதுவா."

வழியெல்லாம் அண்ணிதான் ஸ்கூட்டரை ஓட்டினாள். பின்னால் உட்கார்ந்திருந்த கொழுந்தன் கண்ணை மூடிக்கொண்டு, வழக்கத்துக்கு விரோதமாக வாயையும் மூடிக்கொண்டு வந்தான். இன்ஸ்பெக்டரைக் கிளப்பிவிட்டுத்தான் புறப்பட்டிருந்தார்கள். ஆனால் அவர் சட்டை மாட்டி ஜீப் ஏறி வருவதற்குள் உள்ளே இருக்கும் மூச்சு நின்றுவிட்டால் என்ன செய்வது? நேற்று மத்தியானம் பதிலுக்குத் தட்டியவர், இன்று தட்டுவாரா?

சின்ன டாக்டர் விசாரணைக்குக் கிளம்பத் தயாராகி முற்றத்தில் நின்றார். அதே கறுப்புக் கண்ணாடி, கழுத்துவரை பட்டன். டாக்டரின் மனைவி வாசற்படியில் நின்றாள். பட்டறையைத் திறக்க வேண்டும் என்று அண்ணி சொன்னதும், போலீஸ் வராமல் முடியாது என்றார் அவர்.

"போலீஸ் வந்துக்கிட்டிருக்கு. அதுவரைக்கும் உங்க மேல் பட்டனைக் கழட்டுங்க, டாக்டர்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. கை மட்டும் தானாகக் கழுத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. கொழுந்தன் தன் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிச் சிவப்பு முக்கோணத்தைக் காட்டினான். கண்ணிலிருந்து அவனுக்கும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஒரே வியாதிக்காரர்கள் இருவர் எதிரெதிரே நின்று பார்த்துக்கொண்டது மாதிரி இருந்தது.

"ஊசி போட்டதும் நீங்கதானே?" என்று அண்ணி கேட்டாள். "அவர் இன்னிக்கு விசாரணைல உண்மையைச் சொல்லியிருப்பார். ஓடிப்போயிட்டார்னு ஆயிட்டா பழி அவரோடயே போயிடும்."

டாக்டரின் மனைவி நிதானமாக நடந்து வந்து, மச்சினன் முன்னால் கையை நீட்டி, "சாவி" என்றாள். அவர் கொடுத்துவிட்டார்.

உள்ளே நுழைந்ததும் கொழுந்தன் தொட்டிமேல் தட்டினான். டக் டக் டடக். ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினான். பட்டறை முழுக்க நிசப்தம். நேற்று கேட்டபோது இறங்கி ஓடிய பாவி நான்தானே என்று உள்ளுக்குள் அழுதான். மூன்றாம் முறை தட்டக் கையை ஓங்கியபோது உள்ளேயிருந்து, நகத்தால் சுரண்டுவது மாதிரி, ஒரு சத்தம் வந்தது.

அதுவரை கல்லாக நின்ற மனைவி வாய்விட்டு அழுதது அப்போதுதான்.

கொழுந்தன் உளியை எடுத்தான், சுத்தியை எடுத்தான். கண் எரிச்சலில் பாதிதான் தெரிந்தது. வெல்டிங் மேட்டில் உளியை வைத்து ஒரு போடு போட்டான். டீச்சர் சொன்ன மாதிரியே நடந்தது. கசடும் இரும்புமாக மேலே உட்கார்ந்திருந்ததே தவிர, உள்ளே பிடிக்கவில்லை. பட்டை பட்டையாக உரிந்து வந்தது. அரைச் சுற்று உரிந்ததும் அண்ணியும் அவனும் சேர்ந்து மூடியை நெம்பித் தூக்கினார்கள்.

கையும் காலும் கட்டி, வாயில் துணி திணித்து, பெரிய டாக்டர் ஒருக்களித்துக் கிடந்தார். சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பி, மூக்கைத் தொட்டி விளிம்போடு ஒட்டவைத்திருந்தார். அந்தப் பக்கம், சுவரை ஒட்டி இருந்ததால் யார் கண்ணிலும் படாத பக்கம், மூடித் தகடு சூட்டில் முறுக்கி விரல் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டிருந்தது. அந்த இடுக்கு வழியாகத்தான் அவர் இத்தனை நேரமும் மூச்சு விட்டிருக்கிறார். தம்பி மட்டும் முதலில் நாலு பொட்டு வைத்துப் பிடித்திருந்தால் அண்ணன் அன்று ராத்திரியே முடிந்திருப்பார். கொழுந்தனுக்கு ஒரு கிண்டலும் வாயில் வரவில்லை.

மனைவி மடியில் சாய்த்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கொடுத்தாள். வெளியே ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் உள்ளே ஓடிவந்து, பார்த்து, தொப்பியைக் கழற்றினார். யார் இதைச் செய்தது என்று குனிந்து கேட்டார். பெரிய டாக்டர் அதற்குப் பதில் சொல்லவில்லை. வறண்ட உதட்டை நக்கிக்கொண்டு வேறு ஏதோ சொல்ல முயன்றார். அண்ணி காதை அருகே கொண்டுபோனாள்.

"மயக்கம் தெளியறப்போ... மூடி இன்னும் ஒட்டாத ஓரத்துல நீல வெளிச்சம். அவன்தான். முகமூடி இல்லாம." மூச்சு வாங்கினார். "போட்டுக்கடா, கண்ணு போயிடும்னு கத்தறேன். வாயில துணி. அவனுக்குக் கேக்கலை."

மனைவி அவர் உதட்டில் இன்னொரு சொட்டுத் தண்ணீர் விட்டாள்.

"அவன் கண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டார் பெரிய டாக்டர்.

பட்டறைக் கதவு திறந்தே இருந்தது. வெளியே முற்றத்துப் படியில், ஒரு போலீஸ்காரரின் பக்கத்தில், சின்ன டாக்டர் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் அது விழுந்திருக்க வேண்டும். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, துடைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். சிவந்த கண்ணிலிருந்து தண்ணீர் நிற்காமல் வழிந்தது. கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். பொய்த் தீயையும் நிஜத் தீயையும் பிரிக்கத் தெரிந்த அவளுக்கும், இப்போது வழிவது எது என்று சொல்லத் தெரியவில்லை.